விற்றது யார்? ஒரு லேப்டாப் பேட்டரி வழக்கின் ஆய்வு

2016 ஆகஸ்ட் மாதம் கலிஃபோர்னியாவில் ஒரு பெண் தன் லேப்டாப்புக்கு மாற்று பேட்டரி ஒன்றை அமேசானில் ஆர்டர் செய்தார். விலை 12 டாலர் 30 சென்ட். பேட்டரி இருந்த பக்கத்தில் செல்லர் பெயர் ‘இ-லைஃப்’ என்றிருந்தது. அமேசான் பெயர் அச்சிட்ட பெட்டியில், அமேசான் டேப் ஒட்டி, சொன்ன நாளில் பார்சல் வந்தது. அமேசானிடம் வாங்கியதாகத்தான் அவர் நினைத்தார். அப்படி நினைக்காமலிருக்க அந்தப் பெட்டியில் எதுவும் இல்லை.

நவம்பரில் பேட்டரி வெடித்தது. கை, கால், பாதம் என்று கடுமையான தீக்காயங்கள். அவர் அமேசான் மீதும் வேறு சில நிறுவனங்கள் மீதும் வழக்குப் போட்டார். ‘இ-லைஃப்’ என்பது லெனோஜ் டெக்னாலஜி என்ற ஹாங்காங் நிறுவனம் அமேசானில் போட்டுக்கொண்ட பெயர் என்பது பிறகுதான் வெளியே வந்தது. லெனோஜுக்கு சம்மன் போய்ச் சேர்ந்தது. அவர்கள் சார்பில் யாரும் கோர்ட்டுக்கு வரவில்லை. எக்ஸ்பார்ட்டி ஆக்கினார்கள், அதாவது எதிர்தரப்பு வராததால் ஒருதலையாகத் தீர்மானித்தார்கள். ஹாங்காங்கில் இருக்கும் கம்பெனிக்கு எதிராக அமெரிக்க நீதிமன்றத்தில் எக்ஸ்பார்ட்டி உத்தரவு வாங்கி வைத்துக்கொண்டு, மருத்துவச் செலவுக்கு ஒரு டாலராவது வசூலிப்பது எவ்வளவு கடினம் என்று சொல்லத் தேவையில்லை. மிச்சமிருந்தது அமேசான். அமேசான் சொன்ன பதில் ஒரே வரிதான்: நாங்கள் விற்கவில்லை.

வெளிநாட்டு செல்லரிடம் ஆன்லைனில் எலக்ட்ரானிக்ஸ் வாங்குவதில் என்ன ஆபத்து என்று கேட்டால் டூப்ளிகேட் வரும், வாரண்டி இங்கே செல்லாது, கஸ்டம்ஸில் மாட்டும் என்று சொல்வோம். மூன்றும் உண்மைதான். ஆனால் அவை பணத்தோடு முடிந்துபோகும் நஷ்டங்கள். பொருள் தீப்பிடித்து உடம்பு வெந்துபோனால் யார் வந்து பதில் சொல்வார்கள் என்ற கேள்வியை நாம் ‘பை நவ்’ பொத்தானை அழுத்தும்போது கேட்பதே இல்லை. அந்தக் கேள்வியை மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை கொண்டுபோன வழக்கு என்பதால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

பேட்டரிக்குள் இருப்பது

இந்தப் பேட்டரியில் எது பழுது என்பது மேல்முறையீட்டில் விவாதிக்கப்படவில்லை. ஆனால் 12 டாலர் பேட்டரி ஏன் கவலைக்குரிய பொருள் என்பதைப் புரிந்துகொள்ள உள்ளே கொஞ்சம் பார்த்துவிட வேண்டும்.

பழைய மாடல் லேப்டாப்புகளில் அடியில் கழற்றி மாட்டும் பேட்டரியின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்தால், உள்ளே 18650 என்று அழைக்கப்படும் உருளை வடிவ லித்தியம் செல்கள் இருக்கும். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். பெரும்பாலும் ஆறு செல்கள். இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று வரிசையாக நிக்கல் பட்டையால் வெல்டிங் செய்திருப்பார்கள். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இரண்டு மின்முனைகளைச் சுருட்டி வைத்து, நடுவில் தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலத்தைக் கொடுத்திருப்பார்கள். சுற்றிலும் எளிதில் பற்றும் ஒரு திரவம். அந்தப் படலம் கிழிந்தாலோ, தயாரிப்பில் விழுந்த உலோகத் துகள் ஒன்று அதைத் துளைத்தாலோ, உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். சூடு ஏறும். சூடு ஏற ஏற உள்ளே வேதிவினை வேகமாகும், அந்த வினை மேலும் சூட்டைக் கிளப்பும். ஒரு கட்டத்துக்கு மேல் சார்ஜரைப் பிடுங்கினாலும் நிற்காது. ஒரு செல் வெடித்தால் பக்கத்து செல்லும் அந்தச் சூட்டில் போகும்.

இதைத் தடுக்கத்தான் செல்களோடு ஒரு சிறு சர்க்யூட் போர்டு வைக்கிறார்கள். எந்த செல்லும் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறினால் சார்ஜை நிறுத்துவது, அதிகக் கரண்ட் ஓடினால் இணைப்பைத் துண்டிப்பது, சென்சார் வழியாகச் சூட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பது எல்லாம் அதன் வேலை. பேட்டரி வேலை செய்கிறதா என்று பார்க்கும் வாடிக்கையாளருக்கு இந்த போர்டு இருப்பதும் இல்லாததும் ஒன்றாகத்தான் தெரியும். லேப்டாப் ஆன் ஆகும், சதவீதம் காட்டும், ஐந்து ஸ்டார் விழும். செலவைக் குறைக்க நினைப்பவர் கை வைக்கும் இடமும் இதுதான். சூட்டை அளக்கும் சென்சார் இருக்க வேண்டிய இடத்தில் சாதாரண ரெசிஸ்டர் ஒன்றை வைத்துவிட்டால் போதும், பேட்டரி எவ்வளவு கொதித்தாலும் லேப்டாப்புக்கு ‘சூடு இல்லை’ என்ற தகவலே போய்க்கொண்டிருக்கும்.

செல்களிலும் அப்படித்தான். தூக்கியெறிந்த பழைய பேட்டரிகளிலிருந்து செல்களைப் பிடுங்கி, புது உறை மாட்டி, புதிது என்று விற்பது உலகம் முழுக்க நடக்கிறது. அந்த உறையைக் கத்தியால் கீறி எடுத்தால் செல்லின் முனையில் பழைய வெல்டிங் புள்ளிகள் சொரசொரவென்று தெரியும். புது செல்லில் அந்த வடு இருக்காது. உறைமேல் அச்சிடும் எண்ணுக்கும் கணக்கு வழக்கில்லை. நல்ல பெயருள்ள நிறுவனங்கள் செய்யும் 18650 செல்களில் உயர்ந்த ரகமே பெரும்பாலும் 3,500 எம்.ஏ.எச். (செல் எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்பதன் அளவு) அருகில்தான் நிற்கிறது. ஆன்லைனில் 9,900 என்று அச்சிட்டு விற்பார்கள். அந்த அளவு மின்சாரத்தை அந்த உருளைக்குள் அடைக்க இன்றைக்கு எந்தத் தொழில்நுட்பமும் இல்லை. எண்ணைப் பார்த்த மாத்திரத்திலேயே அது பொய் என்று முடிவு கட்டிவிடலாம்.

சார்ஜர் விஷயம் இதைவிட மோசம். ஆப்பிள் சார்ஜர் போலவே செய்யப்பட்ட 400 போலி அடாப்டர்களை யு.எல். என்ற பாதுகாப்புச் சோதனை நிறுவனம் பரிசோதித்தபோது 99 சதவீதத்துக்கு மேல் தேறவில்லை. அவற்றில் 12 அடாப்டர்கள் தொட்டவரின் உயிரையே பறிக்கும் அளவுக்கு ஷாக் அடிக்கக்கூடிய விதத்தில் செய்யப்பட்டிருந்தன. வெளித்தோற்றத்தில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

பார்சல் வந்த வழி

லெனோஜ் பேட்டரிகளை அமெரிக்காவில் இருக்கும் அமேசான் கிடங்குக்கு மொத்தமாக அனுப்பி வைத்துவிட்டது. ஆர்டர் விழுந்ததும் கிடங்கிலிருந்து எடுத்துக் கொடுத்தது அமேசான். கட்டிப் பெட்டியில் போட்டது அமேசான். வாடிக்கையாளரின் கார்டிலிருந்து 12.30 டாலரை எடுத்ததும் அமேசான். அதில் தன் பங்காக 4.87 டாலர், அதாவது ஏறத்தாழ 40 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு மீதியை லெனோஜுக்கு அனுப்பியது. வாடிக்கையாளரோடு செல்லர் நேரடியாகப் பேசக்கூடாது, எல்லாம் அமேசான் வழியாகத்தான் நடக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். பொருள் சரியில்லை என்றால் ரிட்டர்ன் எடுப்பதும் அமேசானே.

லெனோஜ் செய்த ஒரே காரியம் சரக்கை அனுப்பிப் பக்கத்தில் விவரம் எழுதியது. அந்தப் பேட்டரி எந்த ஆலையில் யார் செய்தது என்பது வாங்கியவருக்குத் தெரிய வழியே இல்லை. செல்லர் என்று போட்டிருந்த பெயரும் ஒரு புனைப்பெயர். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பொருளில் குறை வந்தால் கடைக்காரர், மொத்த வியாபாரி, இறக்குமதியாளர், தயாரிப்பாளர் என்று ஒவ்வொரு படியாக ஏறிப் போகலாம் என்பது பழைய வியாபாரத்தின் ஏற்பாடு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய சார்ஜர் புகைந்தால் மறுநாள் அதே கடை வாசலில் போய் நிற்கலாம். இங்கே இடைப்படிகள் எல்லாம் உருவப்பட்டு, ஒரு முனையில் ஹாங்காங்கில் ஒரு பெயர், மறுமுனையில் படுக்கையறையில் ஒரு பெண், நடுவில் எல்லாவற்றையும் செய்துவிட்டு எதையும் செய்யவில்லை என்று சொல்லும் ஒரு தளம் என்று ஆகிவிட்டது.

இது எங்கோ நடக்கும் அபூர்வம் இல்லை. அமேசானில் நடக்கும் விற்பனையில் மூன்றாம் தரப்பு செல்லர்களின் பங்கு 1999-இல் 3 சதவீதம், 2018-இல் 58 சதவீதம் என்று அமேசான் நிறுவனர் ஜெஃப் பெஸோஸ் 2019-இல் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதத்தில் பெருமையோடு குறிப்பிட்டார். பாதிக்கு மேல் சரக்கு யாரோ ஒருவருடையது.

கோர்ட்டில்

சான் டியேகோ விசாரணை நீதிமன்றத்தில் அமேசான் ஜெயித்தது. நாங்கள் தயாரிக்கவில்லை, விற்கவில்லை, சரக்கு எங்களுக்குச் சொந்தமாக இருந்ததே இல்லை, விற்பவரும் வாங்குபவரும் சந்திக்க இடம் கொடுத்தோம், அவ்வளவுதான் என்பது அவர்கள் வாதம். நீதிபதி ஏற்றுக்கொண்டார். விசாரணைக்கே போகாமல் வழக்கு முடிந்தது.

மேல்முறையீட்டில் 2020 ஆகஸ்ட் 13 அன்று தீர்ப்பு வந்தது. கலிஃபோர்னியாவின் நான்காம் மாவட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் கீழ் நீதிமன்ற முடிவைத் திருப்பியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பட்ரீசியா கெரேரோ. இப்போது அந்த மாநிலத்தின் தலைமை நீதிபதி.

இந்தத் தீர்ப்பின் அடிப்படை 1960-களில் கலிஃபோர்னியாவிலேயே உருவான கோட்பாடு. 1963-இல் ஒரு மரவேலை இயந்திரத்திலிருந்து கட்டை பறந்து ஒருவர் நெற்றியில் அடித்த வழக்கில், குறையுள்ள பொருளைச் சந்தையில் விட்ட தயாரிப்பாளரே பொறுப்பு, அவருடைய கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியதில்லை என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டே ஃபோர்டு கார் வழக்கில் அந்தப் பொறுப்பை விற்ற டீலருக்கும் நீட்டியது. காரணம் எளிது. அடிபட்டவருக்கு எட்டும் தூரத்தில் இருப்பவர் கடைக்காரர்தான். தயாரிப்பாளரை அழுத்திப் பொருளைப் பாதுகாப்பாகச் செய்ய வைக்கும் பலமும் கடைக்காரருக்குத்தான் உண்டு. நஷ்டத்தை விலையில் ஏற்றிப் பலருக்கும் பரப்பிவிடவும் அவரால் முடியும்.

கெரேரோ செய்தது இந்த மூன்று காரணங்களையும் அமேசான் மேல் வைத்துப் பார்த்ததுதான். லெனோஜை எட்ட முடியவில்லை, அமேசானை எட்ட முடிகிறது. எந்தச் சரக்கை அனுமதிப்பது, எந்த செல்லரை நீக்குவது என்ற அதிகாரம் முழுக்க அமேசானிடம் இருக்கிறது. கமிஷன் எடுப்பதால் நஷ்டத்தைப் பரப்பவும் முடியும். சில்லறை வியாபாரி என்று சொல்லுங்கள், விநியோகஸ்தர் என்று சொல்லுங்கள், வெறும் இடைத்தரகர் என்றே சொல்லுங்கள், இந்தப் பொருள் அந்தப் பெண்ணின் கைக்கு வந்து சேர்ந்ததில் அமேசானின் பங்குதான் மையம் என்பது தீர்ப்பின் சாரம். மற்றவர்கள் இணையத்தில் எழுதியதற்குத் தளம் பொறுப்பில்லை என்ற அமெரிக்கச் சட்டப் பிரிவை அமேசான் தரப்பினர் கேடயமாகப் பிடித்துப் பார்த்தார்கள். பேட்டரி வெடித்தது யாரோ எழுதிய எழுத்தால் இல்லை என்பதால் அது எடுபடவில்லை.

எனக்கு இந்தத் தீர்ப்பு சரியென்றே படுகிறது. சந்தைத் திடலைக் குத்தகைக்கு விட்டவர், தன் இடத்தில் யாரோ கெட்ட மீன் விற்றதற்குத் தான் பொறுப்பில்லை என்று சொன்னால் அதில் நியாயம் உண்டு. ஆனால் கல்லாவில் உட்கார்ந்து காசை வாங்கிப் போட்டுக்கொண்டு, சரக்கறைச் சாவியையும் இடுப்பில் செருகிக்கொண்டு, விற்பவர் முகத்தை வாங்குபவர் பார்க்கவே கூடாது என்று திரையும் போட்டுவிட்டு, நான் வெறும் இடக்காரன் என்று சொல்ல முடியாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்தத் தீர்ப்பு அமேசான் இழப்பீடு கொடுத்தாக வேண்டும் என்று சொல்லவில்லை. அமேசான் மீது இப்படிப்பட்ட வழக்கு நிற்கும், விசாரணை நடக்கட்டும் என்றது. அமேசான் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் போனது. 2020 நவம்பரில் அந்த நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது. 2021 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு ஹோவர்போர்டு (நின்றபடி ஓட்டும் இருசக்கர மின்பலகை) தீ வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே சரக்கு அமேசான் கிடங்குக்கு வரவே இல்லை, செல்லரே அனுப்பியது. அப்போதும் அமேசான் மீது வழக்கு நிற்கும் என்றார்கள்.

எல்லையைத் தாண்டினால் வேறு நியாயம்

இத்தோடு முடிந்திருந்தால் நல்ல செய்தியாக இருந்திருக்கும். டெக்சஸ் மாநிலத்தில் ஒரு குடும்பம் அமேசானில் டி.வி. ரிமோட் ஒன்று வாங்கியது. அவர்களுடைய 19 மாதக் குழந்தை ரிமோட்டுக்குள் இருந்த பட்டன் பேட்டரியை விழுங்கிவிட்டது. எடுத்துவிட்டார்கள் என்றாலும் அதற்குள் குழந்தையின் உணவுக்குழாய் நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டிருந்தது. பட்டன் பேட்டரி தொண்டையின் ஈரத்தில் மின்சுற்றை முடித்துக்கொண்டு, இரண்டு மணி நேரத்துக்குள் தசையை அரித்துவிடும். குழந்தை இருக்கும் வீடுகளில் ரிமோட்டின் பின்மூடி திருகு போட்டு மூடப்பட்டிருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

ரிமோட்டை விற்ற செல்லரின் பெயர் ‘யு.எஸ்.ஏ. ஷாப்பிங் 7693’. பெயரில் அமெரிக்கா, ஆள் இருப்பது சீனாவில். வழக்குப் போட்டபோது அவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இதிலும் சரக்கு அமேசான் கிடங்கிலிருந்து அமேசான் பெட்டியில்தான் போனது. கலிஃபோர்னியா வழக்கோடு ஒப்பிட்டால் எல்லாம் ஒன்றுதான். ஆனால் 2021 ஜூனில் டெக்சஸ் உச்ச நீதிமன்றம், சரக்கின் உரிமை அமேசானிடம் இல்லாததால் அந்த மாநிலச் சட்டப்படி அமேசான் ‘விற்பனையாளர்’ ஆகாது என்று முடித்தது. அந்தக் குழந்தையின் பெற்றோருக்கு எதிரே நிற்க யாருமே இல்லாமல் போனார்கள். தீக்காயம் பட்ட பெண் டெக்சஸில் வசித்திருந்தால் அவருக்கும் இதே கதிதான்.

டென்னசியில் நடந்தது இன்னொரு விதம். 2015 நவம்பரில் 274 டாலர் 79 சென்ட் கொடுத்து ஒரு குடும்பம் ஹோவர்போர்டு வாங்கியது. ஹோவர்போர்டுகள் தீப்பிடிக்கின்றன என்ற செய்திகள் அப்போதே வந்துகொண்டிருந்தன. டிசம்பரில் அமேசான் உள்ளுக்குள் ஆராய்ந்து பார்த்து அவற்றின் விற்பனையை உலகம் முழுக்க நிறுத்தியது. வாங்கியவர்களுக்கு ஒரு ஈமெயிலும் போட்டது. லித்தியம் பேட்டரி உள்ள பொருள்களில் பாதுகாப்புச் சிக்கல் இருப்பதாகச் செய்திகள் வந்துள்ளன, மேலும் தெரிந்துகொள்ள இங்கே பாருங்கள் என்ற அளவில்தான் அது இருந்தது. தீப்பிடிக்கலாம் என்றோ, விற்பனையையே நிறுத்திவிட்டோம் என்றோ, பயன்படுத்தாதீர்கள் என்றோ ஒரு சொல் இல்லை. அடுத்த ஜனவரியில் அந்தக் குடும்பத்தின் வீடு எரிந்து சாம்பலானது. குழந்தைகள் மாடியிலிருந்து குதித்துத் தப்பினார்கள். 2019-இல் ஆறாம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், அமேசான் விற்பனையாளர் இல்லை என்ற வாதத்தை ஏற்றாலும், எச்சரிக்கிறேன் என்று ஏற்றுக்கொண்டு அதை ஒழுங்காகச் செய்யவில்லை என்ற புகார் விசாரிக்கப்பட வேண்டும் என்றது. ‘பாதுகாப்பு அறிவிப்பு’ என்று ஈமெயில் வந்தால் விளம்பர மெயிலோடு சேர்த்து அழித்துவிடும் பழக்கம் நம் பலருக்கும் உண்டு. அந்த மெயிலின் மென்மையான வார்த்தைகளுக்குப் பின்னால் எவ்வளவு பெரிய விஷயம் இருக்கலாம் என்பதற்கு இந்த வழக்கு சாட்சி.

இந்த வழக்குகளின் அழுத்தம் வீண்போகவில்லை. 2021 ஆகஸ்டில் அமேசான், அமெரிக்காவில் செல்லர்களின் குறையுள்ள பொருளால் உடைமைக்கோ உடம்புக்கோ சேதம் என்றால் 1,000 டாலர் வரை தானே கொடுத்துவிடுவதாக அறிவித்தது. அதிகமாக விற்கும் செல்லர்களின் அடையாளத்தையும் வங்கிக் கணக்கையும் தளங்கள் சரிபார்த்தாக வேண்டும் என்ற சட்டம் அங்கே 2023 ஜூனில் அமலுக்கு வந்தது. 2024 ஜூலையில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம், அமேசான் கிடங்கு வழியாகப் போகும் சரக்குக்கு அமேசான் விநியோகஸ்தராகப் பொறுப்பேற்க வேண்டும் என்று ஏகமனதாக முடிவெடுத்தது. விஷவாயுவைக் கண்டுபிடித்து அலறாத கார்பன் மோனாக்சைடு கருவிகளும், தண்ணீரில் விழுந்தால் ஷாக் அடிக்கும் ஹேர் டிரையர்களும் உட்பட 4 லட்சத்துக்கு மேற்பட்ட பொருள்கள் அந்த விவகாரத்தில் இருந்தன. அமேசான் அதை எதிர்த்து 2025-இல் வழக்குப் போட்டது.

ஐரோப்பாவில் நேராகவே விஷயத்துக்கு வந்துவிட்டார்கள். 2024-இல் நிறைவேறிய புதிய பொருள் பொறுப்பு உத்தரவு, 2026 டிசம்பர் 9-க்குப் பிறகு சந்தைக்கு வரும் பொருள்களுக்குப் பொருந்தும். தயாரிப்பாளர் வெளிநாட்டில், இறக்குமதியாளர் என்று யாரும் இல்லை, அதிகாரப் பிரதிநிதியும் இல்லை என்றால் கிடங்கில் வைத்து அனுப்பிக் கொடுத்தவர் மேல் பொறுப்பு விழும்.

இந்தியாவில் இருந்து வாங்குபவருக்கு

நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருள் பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது. அதன் 86-ஆம் பிரிவை எல்லாரும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். தயாரிப்பாளர் யாரென்றே தெரியவில்லை, அல்லது தெரிந்தும் நோட்டீஸ் கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லை, அல்லது அவர் இந்தியச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் இல்லை என்றால் அந்தப் பொருளை விற்றவரே பொறுப்பு என்கிறது அது. லெனோஜ் மாதிரியான நிறுவனங்களை மனதில் வைத்து எழுதியது போலவே இருக்கும். அதே சட்டம் ஆன்லைன் சந்தைத் தளங்களைத் தனியாக வரையறுத்தும் வைத்திருக்கிறது. ஆனால் ‘விற்றவர்’ தளமா, தளத்தில் கடை போட்டவரா என்ற அதே சண்டையை நம் ஊரிலும் வக்கீல்கள் போடத்தான் செய்வார்கள். அதனால் சட்டம் இருக்கிறது என்ற தைரியத்தில் மட்டும் ஆர்டர் போட வேண்டாம்.

2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி செல்லரின் பெயர், முகவரி, வாடிக்கையாளர் சேவை விவரம், பொருள் எந்த நாட்டில் தயாரானது என்பதையெல்லாம் தளம் காட்ட வேண்டும். வெளிநாட்டுத் தளமானாலும் இந்தியர்களுக்குத் தொடர்ந்து விற்றால் இந்த விதிகள் பொருந்தும். ஆகவே முதல் வேலை, செல்லர் பெயரைத் தொட்டுப் பார்ப்பது. முகவரி இல்லை, அல்லது எழுத்துகளை அள்ளிக் கொட்டியது போல ஒரு பெயர் மட்டும் இருக்கிறது என்றால், அது பேட்டரியோ சார்ஜரோ பவர் பேங்கோ ஆக இருக்கும் பட்சத்தில் வாங்காதீர்கள். கீபோர்டு, போன் கவர், ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் என்றால் போனால் பணத்தோடு போகும். சுவர் பிளக்கில் மாட்டுவதும் லித்தியம் உள்ளதும் வேறு வகை. இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்து விலை பார்க்கக் கூடாது.

இந்தியாவில் விற்கும் அடாப்டர், பவர் பேங்க், லித்தியம் செல் போன்றவற்றுக்கு பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். பொருளின் மேல் ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கும். அதை பி.ஐ.எஸ். கேர் செயலியில் அடித்தால் எந்த நிறுவனத்தின், எந்த ஆலையின் பதிவு என்று வந்துவிடும். எண் வேறு யாருடையதோ என்று காட்டினால் அது திருடி ஒட்டியது. வெளிநாட்டு செல்லரிடமிருந்து நேராக வரும் பார்சலில் இந்த எண்ணே பெரும்பாலும் இருக்காது. ‘கிஃப்ட்’ என்று எழுதி அனுப்புகிறேன், டியூட்டி வராது என்று எந்த செல்லராவது சொன்னால் நம்ப வேண்டாம். வெளிநாட்டிலிருந்து தபாலிலும் கூரியரிலும் கிஃப்ட் என்ற பெயரில் சரக்கு வருவதை, ராக்கியையும் உயிர் காக்கும் மருந்தையும் தவிர்த்து, 2019 டிசம்பரிலேயே நிறுத்திவிட்டார்கள்.

பேட்டரி உப்பிவிட்டது, அல்லது சார்ஜர் உருகிவிட்டது என்றால் செல்லர் முதலில் சொல்வது, பொருளைத் திருப்பி அனுப்புங்கள், ரீஃபண்ட் தருகிறோம் என்பது. பழுதான லித்தியம் பேட்டரியை விமானத்தில் அனுப்பவே கூடாது. தபால்காரரும் வாங்க மாட்டார், கூரியர்காரரும் வாங்க மாட்டார். விவரத்தை மறைத்து அனுப்பினால் குற்றம் உங்கள் மேல் வரும், விமானத்தில் இருப்பவர்களுக்கும் ஆபத்து. 2010-இல் துபாயில் விழுந்த யு.பி.எஸ். சரக்கு விமானத்தில் தீ கிளம்பியது லித்தியம் பேட்டரி இருந்த சரக்கிலிருந்துதான். இரண்டு விமானிகளும் இறந்தார்கள். ஆகவே படம் எடுத்து அனுப்பி, திருப்பி அனுப்பாமலே ரீஃபண்ட் கேளுங்கள்.

யாருக்காவது காயம் பட்டிருந்தால் விஷயமே வேறு. எரிந்த பொருளை யாரிடமும் கொடுக்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். ஆறிய பிறகு, வீட்டுக்கு வெளியே, மணல் போட்ட இரும்பு டப்பாவில் வையுங்கள். வழக்குக்கு முதல் சாட்சி அதுதான். பெட்டி, அதில் ஒட்டியிருந்த லேபிள், பில் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். அன்றைக்கே அந்தப் பொருளின் பக்கத்தையும் செல்லர் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். புகார் போன மறுநாளே பக்கம் காணாமல் போவதும், அதே பொருள் வேறு பெயரில் வேறு பக்கத்தில் முளைப்பதும் சகஜம். தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். செல்லர் எந்த ஊரில் இருந்தாலும், தளத்தின் அலுவலகம் எங்கே இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் ஊரில் போட 2019 சட்டம் இடம் கொடுக்கிறது. மனுவில் செல்லரை மட்டும் எதிர்தரப்பாகக் காட்டிவிட்டு நிற்காதீர்கள். தளத்தையும், இறக்குமதி செய்தவர் பெயர் லேபிளில் இருந்தால் அவரையும் சேர்த்தே போடுங்கள்.